பொன்குஞ்சும் பின்குஞ்சும்

"காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு" என்பது நம்முடைய பழமொழி. தாயன்பைப் பற்றிப் பேச எழும் எவரும் இதைத் தொடாமல் அமர்வதில்லை. பாடசாலைப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராக இருந்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆண்டுதோறும் பல தடவை இந்தக் காக்கை என் காதருகே கரைந்து சென்றிருக்கிறது. ஆனால் அந்தப் பொன்குஞ்சுகள் எல்லாம் ஒரே மாற்றுப் பொன்தானா என்று என்னிடம் கேட்டவன் ஒருவனே. அவனுக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. சொல்லவேண்டியிருந்த விடையைக் காலம் கடந்து இங்கே எழுதுகிறேன்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு ஏப்பிரல் மாதத்துக்குப் பின் மக்கள் சிறிது சிறிதாக ஊர் திரும்பினர். சண்டிலிப்பாயிலும் சுற்றுப்புறங்களிலும் பற்றை மண்டிய வளவுகளைத் துப்புரவாக்கினோம்; கிணறுகளை இறைத்தோம்; பாடசாலைகளைத் திறந்தோம். அக்காலத்தில் இப்பகுதிப் பாடசாலை ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பிலே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் இருந்தனர். பதினான்கு வயதுப் பிள்ளைகளும் இருந்தனர். சிலர் தென்மராட்சியில் மரத்தடியிலேனும் பாடம் கேட்டிருந்தனர். சிலர் ஓராண்டாக எழுத்தையே பார்த்திருக்கவில்லை.

அன்றைய பாடம் கோழி முட்டை. இருபத்தொரு நாள், ஓடு, வெண்கரு, மஞ்சட்கரு, காற்றறை என்று கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். பின்வாங்கிலில் இருந்த ஒருவன் எழுந்தான். வயதில் மூத்தவன், பாடத்தில் பிந்தியவன். கணக்குத் தாளில் அடிக்கடி முட்டை வாங்குபவன்.

"சேர், எங்கட வளவு வேம்பிலை காகக் கூடு ஒண்டு கிடக்கு. நாலு குஞ்சு. ஒண்டு நல்ல பெரிசு, ஒண்டு ஆகச் சின்னன். எல்லாம் ஒரு தாயின்ரை குஞ்சுகள்தானே? ஏன் சேர் அப்பிடி?"

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல மனமும் வரவில்லை. "காகத்தை விட்டிட்டுக் கோழியைப் படி. சோதினைக்கு வாறது அதுதான்" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் இருந்துவிட்டான். இரண்டு கிழமைக்குப் பின் ஒருநாள், நான் வகுப்பைவிட்டு வெளியேறும்போது, "அந்தச் சின்னன் செத்துப்போச்சு, சேர்" என்றான். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி விடைக்கு வருவோம். முட்டை இட்ட அன்றே குஞ்சுக்கு நாட்கணக்குத் தொடங்குவதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. கருக்கட்டிய கோழி முட்டை ஏறக்குறைய ஒரு நாள் தாயின் உடலுள்ளே சூட்டில் இருக்கிறது. வெளிவரும்போதே கரு பல்லாயிரம் கலங்களாகப் பிரிந்திருக்கும். வெளியே வந்து சூடு தணிந்ததும் அது துயில்கொள்கிறது. இறப்பதில்லை, வளர்வதும் இல்லை. தாய் மேலே அமர்ந்து மறுபடியும் சூடு கொடுக்கும் நாளில்தான் அது விழிக்கிறது. இருபத்தொரு நாட் கணக்கு அன்றிலிருந்துதான். ஆகவே குஞ்சின் பிறந்தநாளைத் தீர்மானிப்பது முட்டையிட்ட நாளன்று. தாய் அடைகிடக்கத் தொடங்கிய நாள்.

கோழி நாளுக்கொன்றாக அல்லது ஒருநாள் விட்டொருநாளாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். இட்டுவிட்டு மேயப் போய்விடும். முழுவதும் இட்டு முடிந்த பின்பே உடலில் புரோலக்டின் என்னும் ஓமோன் மிகுந்து, மேய்ச்சலை மறந்து, கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துச் சீறிக்கொண்டு அடையில் அமரும். அதனால் முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இரு கிழமை இடைவெளி இருந்தாலும் குஞ்சுகள் ஏறத்தாழ ஒரே நாளில் வெளிவருகின்றன. கோழிக்கு இது இன்றியமையாதது. அதன் குஞ்சு பொரித்த மறுநாளே நடக்கும்; தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும்; பிந்திய முட்டை கூட்டிலே அநாதையாகக் கிடந்து அழியும். காடை இனங்களில் இந்த ஒற்றுமைக்கு முட்டைகளே உதவுகின்றன. ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் முட்டைகளின் உள்ளிருந்து குஞ்சுகள் எழுப்பும் ஒலியைக் கேட்டு, பிந்தியவை விரைகின்றன என்பதைக் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் என்னும் அம்மையார் 1960களில் ஆராய்ந்து காட்டினார்.

காகத்தின் வழி வேறு. எல்லா முட்டையையும் இட்டு முடிக்குமுன்பே அது அடையில் அமர்ந்துவிடும். கூகை அதனினும் ஒருபடி மேலே. முதல் முட்டை இட்டவுடன் அமர்கிறது. அது இரண்டு மூன்று நாளுக்கொரு முட்டை இடுவது. ஐந்து முட்டையிட்டால் முதற் குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் ஒரு கிழமைக்கு மேல் வயது வேறுபாடு வந்துவிடும். மூத்தது இறகு முளைத்து இரை கேட்கும்போது இளையது கண் திறவாமல் கிடக்கும். என் மாணவன் வேப்பமரத்தில் கண்டது இதைத்தான். குஞ்சுகள் எல்லாம் ஒரே தாய்க்குத்தான் பிறந்தன. ஆனால் ஒரே நாளில் பிறக்கவில்லை.

அந்தக் கூட்டில் குயிலின் முட்டையும் இருந்திருந்தால் கதை இன்னும் சுவையாகியிருக்கும். காக்கை முட்டை பதினாறு பதினேழு நாளில் பொரிக்கும். குயில் முட்டை அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே பொரித்துவிடும். முந்திப் பிறப்பதுதான் குயிற்குஞ்சின் முதல். நம் குயிலின் குஞ்சு காக்கைக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து தள்ளுவதில்லை. முந்திப் பிறந்து, முந்தி வாய் திறந்து, முந்தி உண்கிறது. ஐரோப்பியக் குயில் தன் முட்டையை மேலும் ஒருநாள் வரை வயிற்றிலேயே வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் பிறர் கூட்டில் இடுகிறது என்பது 2011இல் உறுதியாயிற்று. அடையின் தொடக்கத்தை ஒருநாள் திருடிக்கொள்வதற்கும் ஒரு பறவை கற்றிருக்கிறது!

காகமும் கூகையும் ஏன் அவசரப்படுகின்றன? சற்றுப் பொறுத்தால் எல்லாக் குஞ்சுக்கும் சமமான தொடக்கம் கிடைக்குமே? இந்தக் கேள்விக்கு 1947இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த டேவிட் லாக் ஒரு விடை கூறினார். இரை எவ்வளவு கிடைக்கும் என்பது முட்டையிடும் நாளில் தாய்க்குத் தெரியாது. மிகுதியாகக் கிடைத்தால் கடைக்குட்டியும் பிழைக்கும். குறைந்தால் கடைக்குட்டி விரைவில் இறந்து மற்றவை பிழைக்கும். எல்லாம் சமமாக இருந்தால் பஞ்சத்தில் எல்லாமே மெலிந்து மாளும். கேட்பதற்குக் கொடுமையாக இருந்தாலும் கணக்குச் சரியாகவே தோன்றுகிறது. நெடுங்காலம் அறிஞர்கள் இதையே பெரிதும் ஏற்றனர்.

ஆனால் 1987இல் வட அமெரிக்கப் புல்வெளி வாத்துகளை ஆராய்ந்தோர் வேறொரு பக்கத்தைக் காட்டினர். அடைபடாமல் கிடக்கும் முட்டை கெடாமல் காத்திருப்பதில்லை. நாள் செல்லச் செல்ல அதன் உயிர்ப்பு குறைகிறது என்றனர். வெப்பநாட்டில் இது இன்னும் பொருந்தும். கோழி முட்டையின் கரு நன்றாகத் துயில, சூடு ஏறக்குறைய 20 முதல் 25 சென்ரிகிறேட் பாகைக்குக் கீழே இருக்கவேண்டும். ஒழுங்காக வளர 37 அல்லது 38 பாகை வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டில் கரு துயிலவும் மாட்டாது, சீராக வளரவும் மாட்டாது; அரைகுறையாக வளர்ந்து சாகும். சித்திரை வைகாசியில் 33, 34 பாகை அடிக்கும் யாழ்ப்பாணத்து நண்பகலை நினைத்துப் பாருங்கள். அத்தோடு நுண்ணுயிர்களும் சேர்கின்றன. கரிபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவுக் காடுகளில் புதிய கோழி முட்டைகளை அடைவைக்காமல் விட்டுப் பார்த்தனர். சில நாட்களுக்குள்ளேயே கிருமிகள் ஓட்டை ஊடுருவி உள்ளே சென்றிருந்தன. இந்த ஆராய்ச்சி 2003இல் வெளிவந்தது. தாய் அமர்ந்து உலரச் சூடாக்கிய முட்டையிலோ கிருமி அவ்வாறு பெருகுவதில்லை.

இப்போது காகத்தின் அவசரம் விளங்குகிறது. அது மூத்த குஞ்சின்மேல் பட்சம் வைத்து முந்தி அமர்வதாக நாம் கொள்ளவேண்டியதில்லை. தாமதித்தால் முதல் முட்டை கெடும். முந்தினால் கடைக்குட்டி பிந்தும். இரண்டிலொரு நட்டத்தை ஏற்றேயாகவேண்டும். வேப்பமரத்துக் கடைக்குட்டி மூத்ததன் உயிருக்குக் கொடுத்த விலை என்று சொன்னால், லாக் கூறிய காரணமும் பின்வந்தோர் கூறிய காரணமும் அதில் அடங்கும்.

இங்கே நம் ஒழுக்கப் பிரசங்கிகளை ஒரு வார்த்தை கேட்கவேண்டும். பறவைகளைக் காட்டிப் பிள்ளைகளுக்கு அறம் சொல்கிறோமே, எந்தப் பறவையைக் காட்டப்போகிறோம்? கனேரிப் பறவை பிந்தி இடும் முட்டைகளில் வளர்ச்சியைத் தூண்டும் ஓமோனைக் கூடுதலாக வைக்கிறது என்று 1993இல் கண்டார்கள். பிந்திய பிள்ளைக்குக் கைகொடுக்கும் தாய் என்று அதனைப் போற்றலாம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் உண்ணிக்கொக்கை ஆராய்ந்தார்கள். வழுக்கையாற்று வெளியில் மாடுகளின் பின்னே திரியும் அதே வெள்ளைக் கொக்குத்தான். அது முந்திய முட்டைகளுக்கே அத்தகைய ஓமோனைக் கூடுதலாக வைக்கிறது! மூத்த குஞ்சு இளையதைக் கொத்திச் சாகடிப்பதும் அதன் கூட்டில் வழக்கம். சமத்துவம் வேண்டுபவருக்குக் கனேரி. ஏற்றத்தாழ்வுக்கு நியாயம் தேடுபவருக்குக் கொக்கு. எந்த வழக்குக்கும் இயற்கையிடம் சாட்சி கிடைக்கும். அதனாலேயே இயற்கையின் சாட்சியத்தைக்கொண்டு எந்த வழக்கையும் முடிக்கக்கூடாது என்கிறேன். "இயற்கையே அப்படித்தான், பிந்தியவன் பிந்தியவன்தான்" என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால், அது பறவையியலும் ஆகாது, கல்வியியலும் ஆகாது.

பறவையிடமிருந்து கற்க ஒன்றுமில்லையா என்று கேட்கலாம். கற்க நிரம்ப உண்டு. ஆனால் அதை நான் நூலில் படிப்பதற்கு முன் என் அப்பாச்சியிடம் கண்டிருந்தேன், கண்டும் உணராதிருந்தேன்.

எங்கள் வளவில் இரண்டு மூன்று பேட்டுக்கோழிகள் எப்போதும் நிற்கும். முட்டையிட்ட கோழி கொக்கரித்துக்கொண்டு கூட்டைவிட்டு இறங்கியதும் அப்பாச்சி போய் முட்டையை எடுத்து வந்து அரிசிப் பானைக்குள் புதைப்பா. கோழி இடம் மாறாதிருக்க ஒரு முட்டையை மட்டும் கூட்டில் விடுவா. அதன்மேல் கரியால் ஒரு கோடு. கோழி அடைக்கு வந்து குறுகுறுக்கத் தொடங்கியதும் பழைய கடகமொன்றில் சாம்பலும் வைக்கோலும் பரப்பி, பானையிலிருந்த முட்டைகளை ஒரே நேரத்தில் வைத்து, இருட்டியபின் கோழியைத் தூக்கி இருத்துவா. பத்து நாளுக்கு முந்திய முட்டை அடைக்குப் போகாது, பொரியலுக்குத்தான் போகும். தாரா முட்டையும் சேர்த்து வைப்பதானால் அதை ஒரு கிழமை முந்தியே கோழிக்குக் கீழே வைத்துவிட்டுப் பின்புதான் கோழி முட்டையை வைப்பா. தாராவுக்கு இருபத்தெட்டு நாள், கோழிக்கு இருபத்தொன்று. இரண்டும் ஒரே நாளில் ஓடுடைத்து வெளிவரும். "எல்லாம் ஒண்டாய் வெளிக்கிட்டால்தான் தாய் ஒண்டாய் மேய்க்கும்" என்பா.

கடகத்தில் ஓர் இரும்பாணியும் கிடக்கும். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடுமாம், இரும்பு தடுக்குமாம். நான் ஆசிரிய பயிற்சி முடித்து வந்த புதிதில் அந்த ஆணியைக் கண்டு சிரித்தேன். ஆணியோடு சேர்த்து அரிசிப் பானையையும் பத்து நாட் கணக்கையும் கரிக்கோட்டையும் மூடநம்பிக்கை என்றே ஒதுக்கினேன். என் பிழை அங்கேதான். ஆணிக்கு ஆதாரம் எதையும் இன்றுவரை நான் காணவில்லை. ஆனால் பானைக்குள் நண்பகல் வெக்கை எட்டாது. சூடு ஏறி இறங்காது. எங்கள் ஊர் வெப்பத்தில் பானை மட்டும் போதாது. அதனால் நாட் கணக்கும் வேண்டியிருந்தது. பின்னால் வேறொரு கோழி புகுந்து இட்ட முட்டையைப் பிரித்தறியக் கரிக்கோடு வேண்டியிருந்தது. படித்தவன் நான், பதரையும் நெல்லையும் ஒரே சுளகில் வாரி வெளியே கொட்டினேன்.

அப்பாச்சி செய்ததை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். முந்தி வந்த முட்டை பிந்தி வருவதற்காகக் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பில் கெட்டும் போகக்கூடாது. இரண்டையும் ஒருங்கே முடித்தது அந்தப் பானை. அறுவடை முடிந்த எங்கள் வயல்வெளியில் ஆட்காட்டியும் ஏறக்குறைய இதையே செய்கிறது. வெறுந்தரையில் கல்லுக்குள் கல்லாக நான்கு முட்டை இடும். உச்சி வெய்யிலில் அவற்றின்மேல் நின்று நிழல் கொடுக்கும். வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவன் அது அடைகாக்கிறது என்பான். அது அப்போது முட்டையைச் சூட்டிலிருந்து காக்கிறது. காப்பது வேறு, அடைகாப்பது வேறு. இந்த வேற்றுமையை அறியாமல் வளர்ப்புக் கலை எதுவும் இல்லை.

இதனை ஆசிரியர்களுக்கு விரித்துச் சொல்லவேண்டியதில்லை. 1996இல் என் முன்னே இருந்த வகுப்பில் எந்தப் பிள்ளையும் மற்றப் பிள்ளையோடு ஒரே நாளில் அடைவைக்கப்படவில்லை. நானோ அனைவரும் ஒரே நாளில் தொடங்கியவர்கள்போலப் பாடம் நடத்தினேன். ஒரே நாளில் சோதனை வைத்தேன். பிந்தியவனைக் கூழ்முட்டை என்று மனத்துக்குள் ஒதுக்கினேன். அவனுக்கு எப்போது சூடு கிடைக்கத் தொடங்கியது, எத்தனை தடவை அது இடையில் நின்றது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனை முந்தியவர்களோடு சேர்ப்பதற்கு ஒரு கிழமை முந்தி வைக்கும் தாரா முட்டைக் கணக்குப்போல ஏதாவது ஒரு கணக்குப் போட்டிருப்பேன். மாலையில் அரை மணிநேரம் இருத்திப் பார்த்திருப்பேன். சமமாகப் பொரிப்பது காகக் கூட்டில் தானாக நிகழ்வதில்லை. வகுப்பறையிலும் அப்படித்தான். யாராவது நாட் கணக்குப் பார்த்துச் செய்தால்தான் உண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவன் பிந்தியவனே அல்லன் என்பதுதான் உண்மை. நாற்பது பிள்ளைகள் படித்த அந்த வகுப்பில் ஒரு கூட்டை இரண்டு கிழமை அண்ணாந்து பார்த்து, வேறுபாட்டைக் கண்டு, காரணம் கேட்டவன் அவனொருவன். லாக் போன்றோர் கேட்ட கேள்வியைச் சண்டிலிப்பாய் வேப்பமரத்தடியில் நின்று அவன் தானாகக் கேட்டான். விஞ்ஞானம் என்பது அதுதான். கரும்பலகையில் நான் வரைந்த காற்றறை அவன் கேள்விக்குப் பின் வரவேண்டியது.

இப்போது நம் பிள்ளைகள் அடைக்கோழியையே காண்பது அரிதாகிவிட்டது. பண்ணைக்கென வளர்க்கும் லெக்ஹோன் முதலிய வெள்ளைக் கோழிகளுக்கு அடைகிடக்கும் குணமே பெரும்பாலும் அற்றுப்போயிற்று; அடைகிடக்கும் கோழி முட்டையிடாது என்பதால் அக்குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டனர். பொரிப்பது பொறியின் வேலையாயிற்று. பொறி வந்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊர்க்கோழி இன்னும் சில வளவுகளில் நிற்கிறது. காகமும் ஆட்காட்டியும் எங்கும் போய்விடவில்லை. ஏழாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, முட்டையிட்ட நாள், தாய் அமர்ந்த நாள், பொரித்த நாள் என்று மூன்று நிரல் மட்டும் எழுதிவரச் சொல்லலாம். கூட்டில் கைவைக்கவேண்டாம், கீழே நின்று பார்த்தாலே போதும். வீட்டிலுள்ள ஆச்சிமாரிடம் கேட்டு, அவர்கள் செய்வதில் எது பானை, எது ஆணி என்று சோதித்தும் பார்க்கலாம். செலவு ஒரு கொப்பியின் விலைதான்.

அந்த மாணவனின் குடும்பம் அடுத்த ஆண்டே ஊரைவிட்டுப் போயிற்று. இன்று எந்த நாட்டில் இருக்கிறானோ, இதைப் படிப்பானோ, நான் அறியேன். படித்தால் அவனுக்கு ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறேன். தம்பி, நீ கண்டது சரி. அவை ஒரு தாயின் குஞ்சுகள்தான். சின்னன் பிந்திப் பொரித்தது, அவ்வளவுதான். அதை அன்றைக்கே சேர் உனக்குச் சொல்லியிருக்கவேண்டும். தெரியாதென்றால், வா, இரண்டு பேருமாய்ப் பார்ப்போம் என்று உன்னோடு அந்த வேப்பமரத்தடிக்கு வந்திருக்கவேண்டும்.